மாணவர் ரோபோ நிரலாக்கப் போட்டிகளின் விதிகளும் நன்னடத்தை நெறியும்

மாணவர் ரோபோ நிரலாக்கப் போட்டி என்பது, மாணவர் தாமே வடிவமைத்து, தாமே நிரல் எழுதிய ரோபோ ஒன்று, மனித இடையீடின்றி, வரையறுக்கப்பட்ட நேரத்துக்குள் ஒரு பணியை எந்த அளவுக்குச் செய்து முடிக்கிறது என்பதை மதிப்பிடும் போட்டியாகும். பள்ளி மாணவருக்கான உலக ரோபோ ஒலிம்பியாட், ஃபர்ஸ்ட் லெகோ லீக், ரோபோகப் ஜூனியர் ஆகியனவும், கல்லூரி மாணவருக்கான ஏபியு ரோபோகான், இ-யந்திரா ஆகியனவும் இவ்வகையுள் இந்தியாவில் பரவலாக அறியப்பட்டவை. ரோபோவைத் தமிழில் எந்திரன், தானியங்கி, இயந்திர மனிதன் எனப் பலவாறு வழங்குவர். போட்டிகளில் பங்குபெறுவன பெரும்பாலும் சக்கரம் பூட்டிய சிறு வண்டிகளே ஆதலால், இக்கட்டுரையில் ரோபோ என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

ஏனைய போட்டிகளினின்றும் இவற்றை வேறுபடுத்தும் கூறு ஒன்று உண்டு. ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவரே போட்டியாளர். எழுத்துத் தேர்வில் எழுதுபவரே தேர்வர். ரோபோப் போட்டியிலோ களத்தில் ஓடுவது எந்திரம். போட்டியாளர் கையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்பவர். அவர் செய்த வேலை முழுவதும் அதற்கு முன்பே, நடுவரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், பல வாரங்களாக நடந்து முடிந்திருக்கும். எனவே "இந்த வேலை யாருடையது?" என்னும் கேள்வி இப்போட்டிகளில் எப்போதும் எழுகிறது. வெளிப்பார்வைக்கு விந்தையாகத் தோன்றும் பல விதிகள் இக்கேள்வியிலிருந்தே பிறந்தவை.

வரலாறு

தன்னியக்க ரோபோப் போட்டிகளின் முன்னோடி எனத்தக்கது நுண்ணெலிப் போட்டியாகும். 1977 இல் அமெரிக்காவின் மின், மின்னணுப் பொறியாளர் கழகத்தின் இதழான ஸ்பெக்ட்ரம் இதனை அறிவித்தது. 1979 இல் நியூயார்க்கில் இறுதிப் போட்டி நடைபெற்றது. புதிர்ப்பாதை ஒன்றினுள் விடப்படும் சிறு எந்திரம் தானாக வழி கண்டுபிடித்து வெளியேற வேண்டும் என்பது பணி. புதிர்ப்பாதையின் வாயில் விளிம்பில் அமைந்திருந்ததால், சிந்திக்கும் திறன் ஏதுமின்றி ஒரு பக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டே விரைந்து ஓடிய எந்திரங்கள், வழியை நினைவில் வைத்துக் கணக்கிட்ட எந்திரங்களை வேகத்தில் விஞ்சின. 1980 இல் ஜான் பில்லிங்ஸ்லி என்பவர் லண்டனில் ஐரோப்பியப் போட்டியை நடத்தியபோது, சேரவேண்டிய இடம் புதிர்ப்பாதையின் நடுவுக்கு மாற்றப்பட்டது. சுவரை மட்டும் பின்பற்றிச் சென்றால் நடுவை அடைய இயலாதவாறு பாதை அமைக்கப்பட்டது. விதியின் ஒரு சொல்லை மாற்றினால் மாணவர் எழுதவேண்டிய நிரலே மாறிவிடும் என்பதை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டியது. புதிர்ப்பாதை வெளிப்படுத்தப்பட்ட பின்னர் அதைப்பற்றிய எத்தகவலையும் எலிக்கு ஊட்டக்கூடாது என்ற நுண்ணெலிப் போட்டி விதி, இன்றைய பள்ளிப் போட்டிகளிலும் வேறு வடிவில் வாழ்கிறது.

அமெரிக்கப் புத்தாக்குநர் டீன் கேமன் 1989 இல் ஃபர்ஸ்ட் அமைப்பை நிறுவினார். அவ்வமைப்பும் டென்மார்க்கின் லெகோ நிறுவனமும் இணைந்து 1998 இல் சிறுவருக்கான லெகோ லீக்கைத் தொடங்கின. அதே 1998 இல்தான் லெகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோத் தொகுப்பும் விற்பனைக்கு வந்தது. ரோபோகப் ஜூனியர் 2000 இல் மெல்பேர்ணிலும், ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் ரோபோகான் 2002 இல் டோக்கியோவிலும், உலக ரோபோ ஒலிம்பியாட் 2004 இல் சிங்கப்பூரிலும் முதன்முறையாக நடைபெற்றன. ஒலிம்பியாடைத் தொடங்கிய நாடுகள் சீனா, யப்பான், சிங்கப்பூர், தென்கொரியா ஆகியவை. அதன் 2016 ஆம் ஆண்டு உலக இறுதிப் போட்டி, கழிவு மேலாண்மையைக் கருப்பொருளாகக் கொண்டு, நவம்பர் மாதத்தில் தில்லிப் பகுதியில் நடைபெற்றது.

இவற்றுள் நிரலாக்க நேர்மை பற்றிய விதிகளை மிக விரிவாக வகுத்துள்ளது உலக ரோபோ ஒலிம்பியாட் எனலாம். ஆகையால் கீழ்வரும் பகுதிகள் பெரும்பாலும் அதனையே சான்றாகக் கொள்கின்றன.

களத்தின் அமைப்பும் போட்டி நாளும்

ஒலிம்பியாடின் அடிப்படைப் பிரிவு 2022 முதல் ரோபோமிஷன் எனப்படுகிறது. அதற்கு முன் பொதுப்பிரிவு எனப்பட்டது. அணியில் இரண்டு அல்லது மூன்று மாணவரும் ஒரு பயிற்றுநரும் இருப்பர். 2362 மில்லிமீட்டர் நீளமும் 1143 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அச்சிட்ட விரிப்பே ஆடுகளம். புறப்படும் முன் ரோபோ 250 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். புறப்பட்டபின் கைகளை விரித்துக்கொள்ளலாம். ஓர் ஓட்டத்துக்கு இரண்டு நிமிடம். விரிப்பின் மேலுள்ள வண்ணக் கட்டைகளை இனங்கண்டு, எடுத்து, உரிய இடத்தில் சேர்ப்பது போன்றவை பணிகள். புள்ளிகள் சமமானால் குறைந்த நேரத்தில் முடித்த அணி முந்தும்.

அந்த ஆண்டுக்கான பணி பல மாதங்களுக்கு முன்பே வெளியிடப்படுகிறது. இது நல்லதும் தீயதுமாகும். மாணவருக்கு ஆய்ந்து கற்க நேரம் கிடைக்கிறது. பிறர் எழுதிய நிரலை வாங்கி மனப்பாடம் செய்யவும் அதே நேரம் பயன்படலாம். இதனை ஓரளவு தடுக்கவே "வியப்பு விதி" என்ற ஒன்று உள்ளது. போட்டி நாள் காலையில், அதுவரை யாரும் அறியாத ஒரு கூடுதல் பணியோ மாற்றமோ அறிவிக்கப்படும். தன் நிரலின் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று அறிந்த மாணவர், அதனை ஒரு மணி நேரத்தில் திருத்திவிடுவார். பிறர் கொடுத்த நிரலைச் சுமந்து வந்தவர் எங்கே கைவைப்பது என்று தெரியாமல் திகைப்பார். ஏமாற்றியவரைத் தேடிப்பிடிக்க முயலாமல், ஏமாற்றுவதனால் கிடைக்கும் ஆதாயத்தைக் குறைக்கும் இவ்விதி மிகவும் சிறப்பானது.

முன்னைய பொதுப்பிரிவில் இதைவிடக் கடுமையான விதி ஒன்று இருந்தது. ரோபோவின் உறுப்புகள் அனைத்தும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட நிலையில் அரங்கினுள் கொண்டுவரப்பட வேண்டும். சக்கரத்தின் மேல் டயரைக் கூட முன்னதாக மாட்டியிருக்கக் கூடாது. படம், குறிப்பு, வழிகாட்டித் தாள் எதுவும் அனுமதி இல்லை. நினைவிலிருந்தே ரோபோவைக் கட்டி முடிக்க வேண்டும். நிரலை மட்டும் முன்பே எழுதி வரலாம். கட்டுவதற்கும் ஓட்டிப் பார்ப்பதற்கும் சேர்த்து 150 நிமிடங்கள் வழங்கப்பட்டன. பெற்றோரும் பயிற்றுநரும் கயிற்றுக்கு வெளியே நின்று, தம் பிள்ளை ஒரு பற்சக்கரத்தை மறந்துவிட்டதைக் கண்டும் வாய் திறக்க இயலாமல் தவிப்பது இப்போட்டிகளின் வழக்கமான காட்சி.

நிறுத்தகமும் தரவு ஊட்டல் தடையும்

பயிற்சி நேரம் முடிந்ததும் எல்லா ரோபோக்களும் ஒரு மேசையில் வரிசையாக வைக்கப்பட வேண்டும். இவ்விடம் முன்னர் தனிமைப்படுத்தும் இடம் என்றும், பின்னர் ரோபோ நிறுத்தகம் என்றும் அழைக்கப்பட்டது. நேரம் முடிந்தபின் ரோபோவைக் கொண்டுவரும் அணி அந்தச் சுற்றில் ஓட இயலாது. நிறுத்தகத்தில் வைத்தபின் உறுப்புகளையோ நிரலையோ மாற்றக்கூடாது. ரோபோவின் கட்டுப்படுத்தியில் ஓட்டத்துக்குரிய நிரல் தெளிவாக அடையாளம் காணத்தக்கதாக இருக்க வேண்டும். புளூடூத், வைஃபை ஆகிய கம்பியில்லாத் தொடர்புகள் அணைக்கப்பட வேண்டும். தொலைவிலிருந்து இயக்குவதற்கு எந்த வகையிலும் இடமில்லை.

எல்லா ரோபோக்களும் நிறுத்தகத்துக்கு வந்த பின்னரே களத்தின் கட்டைகள் குலுக்கல் முறையில் இடம் மாற்றி வைக்கப்படுகின்றன. அந்தச் சுற்று முழுவதும் எல்லா அணிகளுக்கும் ஒரே வரிசையே இருக்கும். ஆக, இப்போது மாணவருக்கு விடை தெரியும், ரோபோவுக்குத் தெரியாது. ரோபோ தன் வண்ண உணரியைக் கொண்டு தானே கண்டறிய வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் குறுக்கு வழிகள் நுழைந்தன. நிரலில் ஆறு வரிசைகளுக்கும் ஆறு கிளைகளை முன்னமே எழுதி வைத்துவிட்டு, எந்தக் கிளையை ஓட்டுவது என்பதைப் புறப்படும் தருணத்தில் ரோபோவுக்குச் சைகையாகச் சொல்லிவிட முடியும். ஒரு சக்கரத்தைச் சற்றே திருப்பி வைக்கலாம். தூக்குகையைப் பாதி உயர்த்தி வைக்கலாம். வண்ண உணரியின் முன் விரலைக் காட்டலாம். பார்ப்பவருக்கு அது ரோபோவை ஒழுங்காக நிறுத்துவது போலவே தோன்றும். இதனால் ரோபோவின் உறுப்புகளது நிலையையோ திசையையோ மாற்றி நிரலுக்குத் தரவு ஊட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது. புறப்படும் இடத்தில் உணரியை அளவுதிருத்தம் செய்வதும் கூடாது. அதைப் பயிற்சி நேரத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

இவ்விதியை மாணவர் சிலர் வெறும் கெடுபிடியாகக் கருதுவதுண்டு. விரலைக் காட்டினாலும் ஓடுவது தன் நிரல்தானே என்பர். உண்மையில் இங்கே அளவிடப்படுவது ரோபோ கட்டையை எங்கே கொண்டுபோய் வைத்தது என்பது மட்டும் அன்று. எங்கே வைக்க வேண்டும் என்பதை ரோபோ தானே முடிவு செய்ததா என்பதும் ஆகும். முடிவை மனிதர் எடுத்துவிட்டால், எஞ்சியிருப்பது சாவி கொடுத்த பொம்மையே.

பயிற்றுநரின் எல்லை

பயிற்றுநர் போட்டிக்கு முன்பு கற்பிக்கலாம், வழிகாட்டலாம். போட்டி நாளில் அணிக்குரிய பகுதியினுள் நுழைந்து அறிவுரை கூறுவதற்கு அவருக்கு உரிமை இல்லை. ஒழுங்கமைப்பாளர் ஒதுக்கும் நேரத்தில் மட்டும் அணியுடன் கலந்துரையாடலாம். ரோபோவைக் கட்டுவதும் நிரல் எழுதுவதும் மாணவரே செய்ய வேண்டியவை. கைபேசி மூலமோ தாள் மூலமோ வெளியாருடன் தொடர்புகொள்வதும் குற்றமாகும்.

நடைமுறையில் எளிதில் மீறப்படும் விதி இதுவே. கெட்ட எண்ணத்தால் மீறப்படுவதைவிட, அன்பினால் மீறப்படுவதே மிகுதி. ஓட்டத்துக்கு முந்திய இரவு ரோபோ கோட்டைவிட்டு விலகுகிறது. மாணவர் களைத்து உறங்கிவிட்டார். ஆசிரியரோ தந்தையோ மடிக்கணினியைத் திறந்து ஓர் எண்ணை மட்டும் மாற்றுகிறார். அந்த ஓர் எண் எங்கே உதவி முடிந்து எங்கே மாற்றுவேலை தொடங்குகிறது என்பதை எந்த விதிநூலும் மில்லிமீட்டரில் வரையறுக்க இயலாது. ரோபோகப் ஜூனியர், வெக்ஸ் போன்ற போட்டிகளும் இதே காரணத்தால் வேலை மாணவருடையதாகவே இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. ரோபோகப் ஜூனியரில் நடுவர் அணியினரை நேர்காண்கின்றனர். ரோபோவின் எந்தப் பகுதியை யார் செய்தார், இந்த நிரல் துண்டு எதற்கு என்று வினவுவர். தம் ரோபோவைத் தாமே விளக்க முடியாத அணி ஐயத்துக்கு உள்ளாகும்.

ஒத்த நிரல்களும் தண்டனைகளும்

இணையத்தில் காணப்படும் அல்லது விலைக்குக் கிடைக்கும் தீர்வுக்குச் சமமான, அல்லது அதனை மிகவும் ஒத்த வன்பொருளையோ மென்பொருளையோ பயன்படுத்துவதை ஒலிம்பியாட் விதிகள் தடை செய்கின்றன. போட்டியிலுள்ள மற்றோர் அணியின் தீர்வை ஒத்திருந்து, அது தம் சொந்த உழைப்பு அன்று என்பது தெளிவானால் அதுவும் குற்றமே. ஒரே பள்ளி, ஒரே பயிற்சி நிலையம், ஒரே நாட்டைச் சேர்ந்த அணிகளுக்கும் இவ்விதி பொருந்தும் என்று விதியிலேயே தனியாகக் கூறப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. காரணம் வெளிப்படை. ஒரு பயிற்சி நிலையத்தில் பத்து அணிகள் இருந்தால், ஆசிரியர் ஒரு நல்ல ரோபோவை வடிவமைத்துப் பத்துப் படிகளை எடுத்துக் கொடுப்பதே அவருக்கு எளிது. அப்போது போட்டியிடுவது பத்து அணிகள் அல்ல, ஒரே ஆசிரியர் பத்து முறை.

எனினும் ஒப்புமை எல்லாம் நகல் அன்று. கோட்டைப் பின்பற்றும் நிரலில் பெரும்பாலானோர் விகித, தொகையீட்டு, வகையீட்டுக் கட்டுப்பாட்டு முறையையே கையாள்வர். இரண்டு மின்னோடிகளும் முன்னால் இரண்டு உணரிகளும் கொண்ட வண்டியைத் தனித்தனியாகக் கட்டினாலும் அவை ஒன்றுபோலத் தோன்றக்கூடும். பாடநூலில் உள்ள முறையைக் கற்றுத் தம் ரோபோவுக்கு ஏற்பப் பொருத்துவது கல்வி. எண்கள் உட்பட எடுத்து ஒட்டுவது நகல். மாறிகளின் பெயர்களும் தேவையற்ற வரிகளும் பிழைகளும் கூட இரு நிரல்களில் ஒன்றாக இருந்தால் நடுவருக்கு ஐயம் வருவது இயல்பு. நல்ல நிரல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கலாம். ஒரே தவறு இரு இடங்களில் முளைப்பது அரிது.

மீறலுக்கான தண்டனைகள் படிநிலையில் அமைந்தவை. மிக எளியது 15 நிமிடம் வரையிலான தடை. அந்நேரத்தில் அணி தன் ரோபோவையோ நிரலையோ தொடக்கூடாது. அதற்கு மேல், ஒன்று அல்லது பல ஓட்டங்களின் புள்ளிகளில் பாதி வரை குறைக்கலாம். அடுத்த சுற்றுக்கோ தேசிய, உலக இறுதிப் போட்டிக்கோ தகுதி மறுக்கலாம். இறுதியாக, போட்டியிலிருந்தே முழுமையாக நீக்கலாம். பன்னிரண்டு வயதுச் சிறுவரின் அணியிலும் குற்றம் பெரும்பாலும் பெரியவருடையதாக இருக்கும்போது, தண்டனை சிறுவரின் மேலேயே விழுகிறது. இது இம்முறையின் தீராத குறை.

ஓட்டம் முடிந்ததும் நடுவர் புள்ளிகளைக் கணக்கிட்டு அணியினரிடம் காட்டுவார். அணியினர் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்டபின் முறையீட்டுக்கு இடமில்லை. முறையிட வேண்டியவர் மாணவரே, பெற்றோர் அல்லர். கட்டை கோட்டின் மேல் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று நடுவரிடம் பணிவாக வாதிடக் கற்பதும் இப்போட்டிகளின் பாடத்தில் ஒரு பகுதி ஆகிவிட்டது.

திறந்த நிரல் என்னும் மறுவழி

ஒலிம்பியாடின் மற்றொரு பிரிவான வருங்காலப் பொறியாளர் பிரிவு, இதே சிக்கலை நேர் எதிர்த்திசையிலிருந்து அணுகுகிறது. மூத்த மாணவருக்கான இப்பிரிவில், தானே ஓடும் ஒரு சிறிய வண்டி ஒளிப்படக்கருவி முதலிய உணரிகளின் துணையுடன் ஓட்டப்பாதையை மூன்று முறை சுற்றிவர வேண்டும். சிவப்புத் தூணை வலப்புறமாகவும் பச்சைத் தூணை இடப்புறமாகவும் கடக்க வேண்டும். தூண்களின் இடமும் ஓடும் திசையும் குலுக்கலில் முடிவாகும். வண்டியின் எடை ஒன்றரைக் கிலோகிராமுக்கு மிகாதிருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் கட்டுப்படுத்தியையும் பயன்படுத்தலாம்.

இப்பிரிவில் அணிகள் தம் நிரல் முழுவதையும், வண்டியின் படங்களையும், வடிவமைப்பு விளக்கத்தையும் கிட்ஹப் தளத்தில் யாவரும் காணுமாறு வெளியிட வேண்டும். ஒரே நாளில் மொத்தமாக ஏற்றிவிடவும் முடியாது. பதிவேற்றங்கள் போட்டிக்கு முந்திய மாதங்களில் படிப்படியாக நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. நிரலின் வளர்ச்சி வரலாறே உழைப்புக்குச் சான்றாகிறது. தடுமாற்றங்களும் கைவிட்ட முயற்சிகளும் நிறைந்த வரலாறு நம்பத்தக்கது. பிழையே இல்லாத நிரல் ஒரே இரவில் வந்து சேர்ந்திருந்தால் கேள்வி எழும்.

மறைத்து வைத்து நகலைத் தடுப்பது ஒரு வழி. எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்து, யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பது தெரியும்படி செய்வது மற்றொரு வழி. மென்பொருள் உலகின் திறந்த மூல மரபு இரண்டாவதைச் சார்ந்தது. அங்கே பிறர் நிரலை எடுத்தாள்வது குற்றம் அன்று. எடுத்ததைச் சொல்லாமல் விடுவதே குற்றம்.

ஃபர்ஸ்ட் அமைப்பின் நெறி

ஃபர்ஸ்ட் போட்டிகள் விதியைவிடப் பண்பாட்டையே மிகுதியும் நம்புகின்றன. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக இருந்த உட்டி ஃபிளவர்ஸ் (1943–2019) பரப்பிய கோட்பாடு ஒன்றைத் தமிழில் "பண்பார்ந்த தொழில்நேர்த்தி" எனலாம். முழு முயற்சியுடன் போட்டியிடு, அதே வேளையில் எதிரணியை மதித்து உதவு என்பது அதன் சாரம். எதிரணியின் மின்கலம் தீர்ந்துபோனால் தம் மின்கலத்தைக் கொடுப்பது அங்கே வியப்புக்குரிய செய்தி அன்று. போட்டியையும் ஒத்துழைப்பையும் இணைத்து ஒரு புதுச்சொல்லையும் அவ்வமைப்பு வழங்குகிறது.

லெகோ லீக்கில் ரோபோ ஆட்டம் இரண்டரை நிமிடம். ஆட்டப் புள்ளிகள் மதிப்பீட்டின் ஒரு பகுதி மட்டுமே. ரோபோ வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம், அணியின் அடிப்படை விழுமியங்கள் ஆகியவற்றையும் நடுவர் தனியறையில் மாணவருடன் பேசி மதிப்பிடுவர். ஓடும் ரோபோவைத் தொட்டால் ஒலிம்பியாடில் அந்த ஓட்டம் முடிந்துவிடும். லெகோ லீக்கில் ஆறு வில்லைகளில் ஒன்றை இழந்து தொடரலாம். களத்தில் நடந்தது இன்னது என்று உறுதியாகத் தெரியாதபோது ஐயத்தின் பயன் அணிக்கே தரப்படுகிறது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் உலக ரோபோ ஒலிம்பியாடின் தேசியப் போட்டிகளை இந்தியா ஸ்டெம் அறக்கட்டளை ஒழுங்கமைத்து வருகிறது. ஏபியு ரோபோகானின் ஆசிய பசிபிக் இறுதிப் போட்டி 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் புனேயில் நடைபெற்றது. 2008 ஆம் ஆண்டின் பணி, தமிழ்நாட்டில் உறியடி என வழங்கும் விளையாட்டின் மராட்டிய வடிவத்தைத் தழுவியது. 2014 இல் மனிதர் இயக்கும் "பெற்றோர்" ரோபோவும் தானே இயங்கும் "குழந்தை" ரோபோவும் இணைந்து ஊஞ்சல் முதலியவற்றில் விளையாட வேண்டியிருந்தது. மனித இயக்கத்தை எந்த அளவுக்கு அனுமதிப்பது என்பது ஒவ்வொரு போட்டிக்கும் வேறுபடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இ-யந்திரா திட்டம் 2012 முதல் கல்லூரி மாணவருக்கான போட்டியை நடத்துகிறது. அதன் முற்பட்ட பதிப்புகளில் தெரிவான அணிகளுக்கு ரோபோத் தொகுப்பு இலவசமாகவே அனுப்பப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சாஸ்திரா, அண்ணா பல்கலைக்கழகத்தின் குருசேத்திரா, திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பிரக்யான் ஆகிய தொழில்நுட்ப விழாக்களில் ரோபோப் போட்டிகள் இடம்பெறுகின்றன. நிதி ஆயோக் 2016 முதல் செயற்படுத்தும் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தின் கீழ், 6 முதல் 12 வரையிலான வகுப்பு மாணவருக்கு ரோபோ, மின்னணுக் கருவிகள் கொண்ட ஆய்வகம் அமைக்கத் தேர்வுபெறும் பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய் வரை நல்கை வழங்கப்படுகிறது.

நேர்மை பற்றிய விவாதம் இங்கே சமவாய்ப்பு பற்றிய விவாதத்திலிருந்து பிரிக்க முடியாதது. தர்மபுரி மாவட்டத்து மொரப்பூரை எடுத்துக்கொள்வோம். சேலம் – சோலார்பேட்டை தொடருந்துப் பாதையில் அமைந்த, ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமான ஊர். இத்தகைய ஊரின் பள்ளி மாணவருக்குப் பணியின் விவரமும் விதிநூலும் விரிப்பின் அச்சுக் கோப்பும், பெருநகர மாணவருக்குக் கிடைக்கும் அதே நாளில் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெயர்ப்பலகை அச்சிடும் ஃபிளெக்ஸ் அச்சகத்திலேயே விரிப்பை அச்சிட்டுக்கொள்ளலாம்; பளபளப்பான பரப்பில் ஒளி தெறித்து உணரியின் அளவீடு பிழைபடும் என்பதால் மங்கலான பரப்பைக் கேட்டுப் பெற வேண்டும். கிடைக்காதது ரோபோத் தொகுப்பும், வாரந்தோறும் உடனிருந்து பிழை திருத்தக் கற்றுத் தரும் பயிற்றுநரும் ஆவர். நெடுங்காலம் ஒலிம்பியாடின் பொதுப்பிரிவில் லெகோ நிறுவனத்தின் உறுப்புகளை மட்டுமே பயன்படுத்த வேண்டியிருந்தது. எல்லாருக்கும் ஒரே கருவி என்ற வகையில் அது சமன்பாட்டு விதி. அக்கருவியை வாங்க இயலாதவரை வாயிலிலேயே நிறுத்தியதும் அதே விதிதான். பணம் கொடுத்து முழுத் தீர்வையும் வாங்கும் அணியால் முதலில் இடம் இழப்பது, ஒரே தொகுப்பை மூன்று வகுப்புகள் பகிர்ந்துகொண்டு தாமே எழுதிய நிரலுடன் வரும் அணியே.

செலவைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று பாவனைப் போட்டி. ரோபோகப் ஜூனியரின் மீட்புப் பாவனைப் பிரிவு, திறந்த மூல மென்பொருளான வெபாட்ஸை அடிப்படையாகக் கொண்டது. ரோபோவும் களமும் கணினித் திரையிலேயே இருக்கும். நிரல் மட்டும் எழுதினால் போதும். பெருந்தொற்றினால் நேர்முக உலகப் போட்டிகள் தடைப்பட்ட 2020, 2021 ஆம் ஆண்டுகளில் இம்முறையின் பயன் பலருக்கும் தெரியவந்தது. ஆனால் கட்டிய ரோபோவை நகலெடுக்க உறுப்புகளும் நேரமும் வேண்டும். கோப்பை நகலெடுக்க ஒரு நொடி போதும். எனவே பாவனைப் போட்டிகளில் நேர்காணலுக்கும் வளர்ச்சிப் பதிவுக்கும் உரிய இடம் இன்னும் பெரிது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்

வேண்டியதைச் சொன்னால் நிரலை எழுதித் தரும் உரையாடல் மென்பொருள்கள் 2022 இன் இறுதி முதல் பரவலாயின. இவற்றால் பழைய கேள்வி புதிய உருவில் எழுந்துள்ளது. ஃபர்ஸ்ட் அமைப்பு தன் தொழில்நுட்ப அறைகூவல் போட்டியின் கையேட்டில் இவற்றை முற்றாகத் தடைசெய்யவில்லை. பயன்படுத்தினால் உரிய முறையில் குறிப்பிட வேண்டும், பிறர் ஆக்கவுரிமையை மதிக்க வேண்டும் என்கிறது. நூலகத்தில் கிடைக்கும் நிரல்தொகுப்பைப் பயன்படுத்தி அதனைக் குறிப்பிடுவதற்கு ஒப்பாக இதைக் கருதலாம்.

எனினும் பத்து வயது மாணவர் கோட்டைப் பின்பற்றும் நிரலை இவ்வாறு பெற்றுக்கொள்வதும், பல நிரல்கள் எழுதிப் பழகிய கல்லூரி மாணவர் பெற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. முன்னவர் இழப்பது, தாம் கற்க வந்த பாடத்தையே. கண்டறிவதும் கடினம், ஆசிரியர் எழுதிய நிரல் இன்னோர் அணியிடம் காணப்படலாம், இம்மென்பொருளோ ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபட்ட விடையைத் தருகிறது. ஆகையால் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை இங்கே பயன்படுவதில்லை. நடுவரிடம் எஞ்சியுள்ளவை பழைய கருவிகளே: காலையில் அறிவிக்கும் வியப்பு விதி, பயிற்றுநர் நுழைய முடியாத பயிற்சி நேரம், நிரலின் ஒரு வரியைச் சுட்டி "இதை நீக்கினால் ரோபோ என்ன செய்யும்?" என்று மாணவரிடம் கேட்கும் கேள்வி.